எம்எஸ் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மைனா | திருச்சி | ஞாயிறு, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது. எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் மாத்திரை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிடக்சிமாப் ஊசி. வீட்டுக்குள் கைத்தடி போதும், வெளியே போனால் வீல்சேர்.

போன மாதம் என் அத்தை, அப்பாவின் தங்கை, மார்பகப் புற்றுநோயில் தவறிவிட்டார். 48 வயதுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "நீயும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற ஊசிதானே போட்டுக்கொள்கிறாய், ஜாக்கிரதையாக இரும்மா" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த ஊசி வரும் 20-ஆம் தேதி. போட்டுக்கொள்ளலாமா, தள்ளிப்போடலாமா என்று மனது அலைபாய்கிறது.

எம்எஸ் நோயே புற்றுநோயைக் கொண்டுவருமா? இல்லை, மருந்துதான் காரணமா? நான் எந்தப் பரிசோதனையும் இதுவரை செய்துகொண்டதில்லை. நியூரோ டாக்டரிடம் போனால் கால் பலம், எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை இதைப் பேசி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை | சென்னை | திங்கள், காலை 6:15

மைனா, முதலில் அத்தைக்காக வருந்துகிறேன். என் மனைவிக்கு எம்எஸ் வந்து 12 வருடம். இதே பயம் எங்கள் வீட்டிலும் வந்தது. எனக்கு எண்கள் பழகிய வேலை என்பதால் அப்போது உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

இதுவரை வந்தவற்றில் பெரிய ஆய்வுகளில் ஒன்று பிரான்சில் நடந்தது, 2025-ல் வெளிவந்தது. எம்எஸ் உள்ள 1,40,649 பேரை, எம்எஸ் இல்லாத 5,62,596 பேரோடு ஒப்பிட்டார்கள். 2012 முதல் 2021 வரையிலான தகவல். எம்எஸ் உள்ளவர்களில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு 799 பேருக்குப் புற்றுநோய் வந்தது, மற்றவர்களில் 736. அதாவது ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் ஏழரைக்குச் சற்றுக் குறைவு. வயது முதலியவற்றைச் சரிசெய்து பார்த்து 6 சதவீதம் கூடுதல் என்று முடித்தார்கள். "6 சதவீதம்" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு நூறில் ஆறு பேருக்கு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் உள்ள வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மொத்தக் கணக்கு இல்லை. உறுப்பு வாரியாகப் பிரித்ததும் படம் மாறிவிடுகிறது. சிறுநீர்ப்பை புற்றுநோய் 71 சதவீதம் கூடுதல். மூளைக் கட்டி 68 சதவீதம் கூடுதல் (நாம் அடிக்கடி எம்ஆர்ஐ எடுப்பதால் கண்ணில் படுவதும் இதில் சேரும்). கருப்பைவாய் 24 சதவீதம் கூடுதல். மார்பகம் 9, குடல் 10, புராஸ்டேட் 20 சதவீதம் குறைவு.

மார்பகம் குறைவு என்றதும் நிம்மதி வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஆய்வாளர்களே ஒன்றைச் சொல்கிறார்கள்: வயதான எம்எஸ் நோயாளிகள் பரிசோதனைக்குக் குறைவாகப் போகிறார்கள், அதனாலும் எண்ணிக்கை குறைவாகத் தெரியலாம். தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது இல்லையா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-ல் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. எம்எஸ் உள்ள 6,820 பேர். மொத்தத்தில் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவுதான். ஆனால் மார்பகம், நுரையீரல், குடல், புராஸ்டேட் ஆகிய இடங்களில் கண்டுபிடிக்கும்போதே கட்டி எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. இதைப் படித்த அன்று என் மனைவிக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேதி வாங்கினேன்.

ஸ்கார்பரோ அக்கா | டொரன்டோ | திங்கள், காலை 8:02

தங்கச்சி மைனா, நான் யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே வந்து முப்பது வருடம். 2012-இல் இருந்து பிங்கோலிமோட் என்ற எம்எஸ் மாத்திரை எடுக்கிறேன். மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எல்லா எம்எஸ் மருந்தையும் ஒரே கூடையில் போடக்கூடாது. நான் எடுப்பதில் தோல் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. தொடங்கும்போதே தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள், இப்பவும் வருடம் ஒருமுறை போகிறேன். முதல் தடவை அவர் என் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லி உள்ளங்கால், கால் விரல் இடுக்கு, நகம் எல்லாம் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா (ஆபத்தான ஒருவகைத் தோல் புற்றுநோய்) வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில்தான் பெரும்பாலும் வருமாம். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்தால் அடிபட்டது என்று விடாதே என்றார். அன்றிலிருந்து குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கிளாட்ரிபின் என்ற எம்எஸ் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கொடுத்தபோதே, மருந்துத் தாளில் கட்டம் போட்டு அச்சடித்த புற்றுநோய் எச்சரிக்கையோடுதான் கொடுத்தார்கள். அலெம்டுசுமாப் என்ற எம்எஸ் மருந்துக்கும் தைராய்டு, தோல் புற்றுநோய் பற்றி அதே மாதிரி எச்சரிக்கை உண்டு.

நீங்கள் போடும் ரிடக்சிமாப்பைப் பற்றிக் கொஞ்சம் நல்ல செய்தி. உலகத்திலேயே எம்எஸ்ஸுக்கு அதை மிக அதிகமாகக் கொடுக்கிற நாடு ஸ்வீடன். அங்கே 2020-ல் வந்த ஆய்வில், ரிடக்சிமாப் போட்டவர்களுக்குப் பொதுமக்களைவிடப் புற்றுநோய் கூடவில்லை. பிங்கோலிமோட் எடுத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆக, நான் பயப்படவேண்டிய இடத்தில் நீங்கள் பயப்படுகிறீர்கள் அம்மா.

வேப்பமரம் | சேலம் | திங்கள், பிற்பகல் 1:30

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் உடம்பு எதைத்தான் தாங்கும்? ரிடக்சிமாப்பின் தம்பி மாதிரியான ஆக்ரலிசுமாப் ஆய்வில் மார்பகப் புற்றுநோய் வந்ததே. அத்தைக்கு வந்திருக்கும்போது இந்த அம்மா ஏன் அந்த வழியில் போகவேண்டும்? ஆறு மாதம் ஊசியை நிறுத்திவிட்டு உணவு, யோகா என்று உடம்பைத் தேற்றிப் பார்க்கலாமே. என் சகோதரி மாத்திரையை நிறுத்தினாள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

கணக்குப்பிள்ளை | சென்னை | திங்கள், பிற்பகல் 2:10

வேப்பமரம் ஐயா, உங்கள் சகோதரி நலமாக இருப்பது சந்தோஷம். நீங்கள் சொன்ன ஆக்ரலிசுமாப் தகவல் உண்மைதான். மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது: மருந்து போட்ட 781 பெண்களில் ஆறு பேருக்கு மார்பகப் புற்றுநோய், ஒப்பீட்டுக் குழுவில் இருந்த 668 பேரில் யாருக்கும் இல்லை. 2017-ல் அனுமதி கொடுக்கும்போது இதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதே தாள் அடுத்த வரியில் சொல்வது மருந்தை நிறுத்து என்று இல்லை, வழக்கமான மார்பகப் பரிசோதனையைத் தவறாமல் செய் என்று.

இன்னொன்று. மருந்தைத் தானாக நிறுத்துங்கள் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லவேண்டாம். பிங்கோலிமோட்டை நிறுத்திய சிலருக்கு நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பிவந்து நடையே போனதால்தான் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-ல் தனியாக எச்சரிக்கை கொடுத்தது. ஸ்கார்பரோ அக்கா இதைப் படித்துவிட்டு நாளைக்கு மாத்திரையை விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

வேப்பமரம் | சேலம் | திங்கள், மாலை 4:45

அந்த 2018 எச்சரிக்கை எனக்குத் தெரியாது. சகோதரி எடுத்தது எந்த மாத்திரை என்று கேட்டுப் பார்க்கிறேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கரிசல்மண் | விருதுநகர் | திங்கள், இரவு 9:20

இந்த இழையை மதியத்திலிருந்து படிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்தேன். கணக்குப்பிள்ளை சொன்ன அந்த 71 சதவீதம் எங்கள் வீட்டில் நடந்தது.

என் அண்ணனுக்கு 57 வயது, எம்எஸ் 21 வருடமாக. சிறுநீர் தானாக முழுசாக இறங்காது. நாளைக்கு நான்கு தடவை மெல்லிய குழாய் விட்டு எடுக்கவேண்டும். அவருக்குக் கை நடுங்கும், அதனால் நானோ அண்ணியோதான் செய்வோம். எடுத்ததை ஒரு அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுவோம். முன்பு பீடி குடிப்பார், 2010-ல் விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் குவளையைப் பார்த்தால் நன்னாரி சர்பத் நிறம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "குழாய் போடுகிறவர்களுக்கு இன்ஃபெக்ஷன் சகஜம்" என்று ஐந்து நாள் மாத்திரை. நிறம் சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும். மறுபடியும் மாத்திரை. மூன்றாவது தடவை யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள், கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. அதற்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்து மாதம் இப்படியே போனது. நான் அந்த நோட்டில் "சிவப்பு" என்று எழுதிவைத்தேனே தவிர, ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. எம்எஸ் இருக்கிறவருக்கு எது வந்தாலும் எம்எஸ் என்று நாங்களும் பழகிப்போயிருந்தோம். அண்ணிதான் ஒருநாள் அந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "கிருமி இல்லை என்று எழுதியிருக்கிறது, அப்புறம் கிருமிக்கு மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். அவர் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர்.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரிடம் காட்டினோம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வலியில்லாமல் ரத்தம் வந்தால் உள்ளே பார்த்தே ஆகவேண்டும் என்றார். சிஸ்டோஸ்கோபி, அதாவது கேமரா குழாய் விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது. திரையில் எனக்கும் காட்டினார். வழவழப்பான சுவரில் சின்னக் காலிஃபிளவர் மாதிரி ஒன்று நின்றது. மூன்று சென்டிமீட்டர். தசைக்குள் இறங்கவில்லை, அதுதான் தெய்வாதீனம். குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சிக்கல். வழக்கமாகப் பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்களாம், குழந்தைக்குத் தோளில் போடுகிறோமே அதே பிசிஜி. அதில் உயிருள்ள கிருமி இருப்பதால், அண்ணன் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அசதையோபிரின் எடுக்கிறார் என்று தெரிந்ததும் அது வேண்டாம் என்று மைட்டோமைசின் என்ற வேறு மருந்தைக் கொடுத்தார்கள். நியூரோ டாக்டரும் யூரோ டாக்டரும் போனில் பேசிக்கொண்ட முதல் நாள் அதுதான்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம், சுத்தமாக இருக்கிறது. குவளை, நோட்டு இரண்டையும் நாங்கள் விடவில்லை.

ஒரு செவிலி | கோவை | செவ்வாய், காலை 5:50

இரவுப் பணி முடித்துவிட்டு எழுதுகிறேன். கரிசல்மண் அண்ணா, உங்கள் அண்ணி செய்ததை நான் எங்கள் வார்டில் சொல்லப்போகிறேன்.

அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். நிரந்தரமாகக் கதீட்டர் போட்டு, பையோடு இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் தந்திரமானது. பல மாதம் குழாய் உள்ளேயே இருந்தால் கல்ச்சரில் ஏதாவது ஒரு கிருமி எப்போதும் வளரும். அதனால் ரத்தம் வந்தாலும் "இன்ஃபெக்ஷன்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். கிருமி இருக்கிறது என்பதால் வேறு எதுவும் இல்லை என்று ஆகாது. மருந்து முடிந்து மறுபடி ரத்தம் வந்தால் யூராலஜிக்கு எழுதிக் கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். சைக்ளோபாஸ்பமைட் எப்போதாவது எடுத்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அது சிறுநீர்ப்பையைப் பாதிக்கிற மருந்து, பல வருடம் கழித்தும் கணக்கில் எடுக்கவேண்டும்.

சோர்வும் இதே மாதிரிதான். எம்எஸ் சோர்வு எல்லோருக்கும் உண்டு. ஆனால் இரண்டு மாதத்தில் திடீரென்று கூடினால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். மலச்சிக்கல் நமக்குப் பழகியது, மலத்தில் ரத்தம் பழகியதில்லை.

மைனா, இப்போது உங்களுக்கு. அப்பா வழி அத்தைக்கு வந்தால் நமக்கு இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு அப்பா வழியாகவும் வரும். அத்தைக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், அந்தப் பக்கம் வேறு யாருக்காவது மார்பகமோ சினைப்பையோ பாதித்ததா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போங்கள். அரசுத் திட்டத்திலேயே 30 வயதிலிருந்து மார்பகம், கருப்பைவாய், வாய் மூன்றையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. உங்களுக்கு 39, குடும்பத்திலும் இருக்கிறது, அதனால் சோனோ மேமோகிராமும் (மார்பக ஸ்கேன்) வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

மேமோகிராம் எடுக்கப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் போடுங்கள். "மெஷின் உட்கார்ந்த உயரத்துக்கு இறங்குமா?" என்ற ஒரே கேள்வி. இறங்காத மெஷினில் நிற்கமுடியாத பெண்ணைத் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தைப் பார்த்திருக்கிறேன், பாதி மார்பகம் படத்திலேயே இல்லை. வீல்சேர் என்றால் கைப்பிடி கழற்றுகிற மாதிரி இருந்தால் நல்லது. சேலையும் வேண்டாம், நைட்டியும் வேண்டாம், மேல் சட்டை தனியாகக் கழற்றுகிற உடை போடுங்கள். கால் வெடுக்கென்று இழுக்கும் ஆளாக இருந்தால் தசை இறுக்கத்தைக் குறைக்க எடுக்கும் உங்கள் வழக்கமான பேக்லோஃபன் வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நோயாளி | மதுரை | செவ்வாய், காலை 10:30

எனக்கு 61. 2006-ல் எம்எஸ்ஸுக்கு மைட்டோசான்ட்ரோன் என்ற மருந்து போட்டார்கள். அப்போது கையில் காசுக்கு ஏற்ற பலமான மருந்து அதுதான். நீல மை மாதிரி இறங்கும். மறுநாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகும், முதல் தடவை என் மனைவி அலறிவிட்டாள்.

அந்த மருந்தால் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருக்கிறது. இதயத்தையும் பாதிக்கும். அதனால்தான் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு உண்டு. எனக்கு எவ்வளவு போட்டார்கள் என்று 2015 வரை எனக்கே தெரியாது. பரணில் இருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளை இறக்கி, என் மகள் கூட்டிப் பார்த்தாள். 96. அதை ஒரு அட்டையில் எழுதி, எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். வருடா வருடம் எக்கோவும் (இதய ஸ்கேன்) ரத்த அணு எண்ணிக்கையும் எடுக்கிறேன். இந்த மருந்து போட்ட பழைய ஆட்கள் யாராவது படித்தால், உங்கள் காகிதங்களைத் தேடி எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

மைனா | திருச்சி | செவ்வாய், இரவு 10:15

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கரிசல்மண் அண்ணாவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊசியைத் தள்ளிப்போடவில்லை. அதற்கு முன்பே மேமோகிராம் எடுத்துவிடப் பார்க்கிறேன்.

மைனா | திருச்சி | ஐந்து வாரம் கழித்து

நடந்ததை எழுதவேண்டியது என் கடமை.

ஊசி குறித்த தேதியில் போட்டாயிற்று. மேமோகிராம்தான் அதற்குள் முடியவில்லை, போன வாரம்தான் எடுத்தேன். செவிலி அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்தேன். முதல் இடத்தில் "நிற்கவேண்டும் மேடம், இரண்டு நிமிடம்தானே" என்றார்கள். இரண்டாவது இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது இடத்தில் போனை எடுத்த பெண் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவந்து, இறங்கும், வாருங்கள் என்றார்.

சுழலாத ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். தட்டு வந்து அழுத்தும்போது என் இடது கால் படபடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. முதல் படம் கலங்கிப்போனது. டெக்னீசியன் பெண் சலித்துக்கொள்ளவே இல்லை. தன் முழங்காலை என் முழங்கால்மேல் அணைத்து, ஆட்டம் நிற்கும்வரை பொறுத்து, மறுபடி எடுத்தார். மொத்தம் நாற்பது நிமிடம். வலதுபக்கம் ஒரு நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்தில் ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அத்தை விஷயத்தையும் சொன்னேன், மரபணு ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நியூரோ டாக்டரிடம் இந்தத் தடவை உட்கார்ந்ததும் எம்ஆர்ஐ பேச்சுக்கு முன்னாலேயே இதைத்தான் கேட்டேன். அவரும் நின்று பதில் சொன்னார், ஃபைலிலும் எழுதிவைத்தார்.

இன்னும் கருப்பைவாய் பரிசோதனை பாக்கி. எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் மேசை உயரமாக இருக்கிறது, என் கால் அகல விரியாது. யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

ஒரு செவிலி | கோவை | அன்றே, இரவு 11:05

கேட்டு மனது நிறைந்தது மைனா. மல்லாந்து படுத்தால்தான் செய்யமுடியும் என்று இல்லை. இடதுபக்கமாக ஒருக்களித்து, மேல் காலை ஒருவர் தாங்கிப் பிடித்தாலும் பார்க்கமுடியும். முதல் நாளே போய் சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள், கூட்டம் குறைந்த பிற்பகல் நேரம் கேளுங்கள். ஏற்றிவிட அம்மாவால் முடியாது, பலமுள்ள இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பே சிறுநீர் கழித்துவிடுங்கள்.

மைனா | திருச்சி | மறுநாள், காலை 7:00

சரி அக்கா. செவ்வாய்க்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தி கூட வருகிறாள். அவளுக்கும் 42 ஆகிறது, இதுவரை பார்த்ததே இல்லையாம். இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்துக்கொள்கிறோம்.